மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள்: எங்கே சுடுவது, கறி எப்படி இருக்கும்?

கேள்வி: "விஸ்கான்சினுக்கு வேலை மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகிறது. ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர் நவம்பரில் மான் வேட்டைக்கு வா, ரைஃபிள் நானே தருகிறேன் என்கிறார். மானை எந்த இடத்தில் சுட வேண்டும்? தலையில் சுட்டால் உடனே செத்துவிடும் இல்லையா? கறி ஆட்டுக்கறி மாதிரி இருக்குமா, கவிச்சி அடிக்குமா?"

முதலில் தலை விஷயத்தை முடித்துவிடுகிறேன். தலையில் சுடாதீர்கள். மானின் உடம்பிலேயே ஓயாமல் அசைகிற பகுதி தலைதான். அதற்குள் மூளை இருக்கும் இடமோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டு அங்குலம் தள்ளிப் போனால் தாடை உடையும். தாடை உடைந்த மான் விழாது, ஓடிவிடும். தின்னவும் குடிக்கவும் முடியாமல் பல நாள் கழித்து எங்கேயோ பட்டினியில் சாகும். தலையை முழுதாக வைத்திருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் சுடுவது பற்றியும் கறி பற்றியும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். பதினொரு வருடமாக இங்கே வேட்டைக்குப் போகிறேன். எனக்கு இரண்டுக்கும் பதில் ஒன்றாகவே தெரிகிறது. மான்கறி நாறுகிறது என்று முகம் சுளிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் வயிற்றில் சுடப்பட்ட மானாகவோ, மணிக்கணக்கில் துரத்தப்பட்ட மானாகவோ, குடலை எடுக்காமல் வண்டியில் போட்டு ஊரெல்லாம் சுற்றிக் காட்டிய மானாகவோ இருக்கும்.

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் விசா என்ன என்று பாருங்கள். ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். அதற்கு ஒரு விலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். ஆகவே லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் ரைஃபிள், அதற்கு முன்னால் கிடையாது. நண்பர் "சும்மா பிடித்துப் பார்" என்று கையில் கொடுத்தாலும், சுட்டுப் பழகும் மைதானமான ரேஞ்சுக்குக் கூப்பிட்டாலும் இதே கதைதான். லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போய்விடும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. இதில் மாட்டினால் வேலை, விசா எல்லாம் போகும் என்பதால் உங்கள் இமிகிரேஷன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் லைசென்ஸ். பயிற்சி இல்லாதவர்கள் அனுபவமுள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு போகவும் வழி இருக்கிறது. ஆனால் அவர் கை எட்டும் தூரத்திலேயே நிற்க வேண்டும். எதற்கும் பயிற்சிக்கே போங்கள். என்னோடு உட்கார்ந்திருந்ததில் பாதிப் பேர் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, பரவாயில்லை. அங்கே டாப்-கே என்று நாலு விதிகளை மந்திரம் மாதிரி ஓத வைப்பார்கள். எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரப்பியது என்றே நினை. குழலை எப்போதும் ஆபத்தில்லாத பக்கம் வை. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதி செய். சுடும் நொடி வரும்வரை விரலை விசைக்கு வெளியே வை. ரைஃபிள் தோட்டா மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடியது. மேட்டின் உச்சியில் வானம் பின்னணியாகத் தெரிய நிற்கிற மானைச் சுட்டால் தோட்டா எங்கே போய் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. பின்னால் மண்மேடு இருந்தால் மட்டும் சுடுங்கள்.

சீசன் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். ஐந்து லட்சம் பேருக்கு மேல் துப்பாக்கியோடு காட்டில் இறங்குவார்கள். இடுப்புக்கு மேல் போடுவதில் பாதிக்குக் குறையாமல் பளீர் ஆரஞ்சு அல்லது பளீர் பிங்க் இருக்க வேண்டும், தொப்பியும் சேர்த்துத்தான். மான் பார்த்துவிடாதா என்று கேட்பீர்கள். மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் தனியாகப் பிரிந்து தெரியாது. உங்கள் அசைவும் வாசனையும்தான் அதற்கு எட்டும். காலையில் சாம்பார் தாளித்த சட்டையோடு போகாதீர்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சரி, எங்கே சுடுவது?

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டை உரித்துத் தொங்கவிட்டு வயிற்றைத் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். மானின் உள்ளமைப்பும் அதேதான். முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே, நெஞ்செலும்பை ஒட்டித் தாழ்வாக இதயம். அதைச் சுற்றியும் மேலேயும் பின்னாலும் விலாக்கூடு முழுக்க நுரையீரல். அதற்குப் பின்னால் உதரவிதானம், தடுப்புச் சுவர் மாதிரி. சுவருக்கு அந்தப் பக்கம் ஈரல், ஈரலுக்குப் பின்னால் கறிக்கடைக்காரர் போட்டி என்று தருகிற பெரிய இரைப்பை, அப்புறம் குடல். சுவருக்கு இந்தப் பக்கம் பட்டால் மான் நொடிகளில் போய்ச் சேரும். அந்தப் பக்கம் பட்டால் மானும் சித்திரவதைப்படும், கறியும் கெடும்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் பின்விளிம்பைப் பிடித்துக் கண்ணாலேயே நேராக மேலே போங்கள். வயிற்றுக் கோட்டிலிருந்து உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் நில்லுங்கள். அங்கேதான் குறி. அதைச் சுற்றி ஏறத்தாழ எட்டு அங்குல வட்டத்துக்குள், அதாவது ஒரு டிபன் தட்டு அகலத்துக்குள் எங்கே பட்டாலும் நுரையீரல் இரண்டும் போகும். கொஞ்சம் தாழ்ந்தால் இதயம், கொஞ்சம் உயர்ந்தாலும் நுரையீரல்தான். இதயத்தையே குறி வைப்பவர்களும் உண்டு. நான் சொல்லமாட்டேன். அதற்கு ஒரு கை கீழே வெறும் காற்று.

சினிமாவில் போல மான் அங்கேயே சுருண்டு விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். தோட்டா நுரையீரலைக் கிழித்ததும் ரத்த அழுத்தம் இறங்கி மூளைக்கு ரத்தம் போகாமல் பத்துப் பதினைந்து நொடியில் மான் மயங்கிவிடும். ஆனால் அந்தப் பத்து நொடியில் அது ஐம்பது அறுபது கெஜம், சில சமயம் நூறு கெஜம்கூட ஓடும். முதல்முறை பார்ப்பவர்கள் தப்பிவிட்டது என்று நினைத்து ஏமாந்துபோவார்கள். சுட்டதும் அது கடைசியாக எந்த மரத்தருகே தெரிந்தது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்திலேயே விழ வைக்கத் தோள்பட்டை எலும்பில் சுடுவார்கள் சிலர். விழும்தான். ஆனால் எலும்புச் சிதறலும் ரத்தக்கட்டும் சேர்ந்து முன்சப்பை இரண்டும் வீணாகும். நல்ல குழம்புக்கறி அது. மனது கேட்கவில்லை எனக்கு.

மான் நிற்கும் கோணத்தில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். பக்கவாட்டு நல்லது. அதைவிட நல்லது, உங்களை விட்டுச் சற்றே விலகித் திரும்பி நிற்பது. அப்போது இந்தப் பக்கத்துத் தோலைப் பார்க்காதீர்கள். அந்தப் பக்கத்து முன்னங்கால் எங்கே இருக்கும் என்று யோசித்து, தோட்டா அதை நோக்கி வெளியேறும்படி சுடுங்கள். விலாவின் பின்பகுதியில் நுழைந்து இரண்டு நுரையீரலையும் துளைத்துப் போகும். உங்களை நோக்கிச் சாய்ந்து நிற்கும் மான் கண்ணுக்கு அழகாகத் தெரியும், ஆனால் அது பொறி. தோட்டா ஒரு நுரையீரலை மட்டும் தொட்டுவிட்டு நேராக இரைப்பைக்குள் போகும். ஒற்றை நுரையீரலோடு மான் ஒரு கிலோமீட்டர்கூட ஓடும். நேருக்கு நேர் நிற்பதையும் பின்பக்கம் காட்டி நிற்பதையும் விட்டுவிடுங்கள். மரத்தில் கட்டிய பரண் மேலிருந்து சுடுவதானால் தோட்டா மேலிருந்து சாய்வாக இறங்கும். நுழைகிற இடத்தைக் கொஞ்சம் உயர்த்தி, வெளியேறும் இடம் அந்தப் பக்க நெஞ்சின் தாழ்ந்த பகுதியாக இருக்கும்படி கணக்குப் போட வேண்டும். பரணில் ஏறும்போதே பாதுகாப்பு வார் மாட்டுங்கள். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். தோட்டா எடுத்துவிட்டுக் கயிற்றில் கட்டி மேலே இழுங்கள்.

எந்த ரைஃபிள் என்பதற்கு இங்குள்ளவர்கள் இரவு முழுக்கச் சண்டை போடுவார்கள். 1895-லிருந்து புழங்கும் .30-30, 1906-ல் வந்த .30-06, 1925-ன் .270, 1952-ன் .308, 2007-ல் வந்த 6.5 கிரீட்மோர், இந்தத் தோட்டா வகைகள் எல்லாமே இங்குள்ள வெள்ளைவால் மானுக்குத் தாராளம். நண்பர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். சுடும்போது அது தோளில் பலமாக உதைத்தால் மட்டும், இன்னும் சின்ன .243 கிடைக்குமா என்று கேளுங்கள். உதைக்குப் பயந்து கண்ணை மூடுபவனைவிடச் சின்னத் தோட்டாவை நிதானமாக வைப்பவன் மேல். தோட்டா மட்டும் விரிகிற வகையாக இருக்க வேண்டும். முனை மென்மையாக இருப்பதால் உடம்புக்குள் போனதும் காளான் மாதிரி மலர்ந்து, தன் விட்டத்தைப் போல இரண்டு மடங்காகும். ராணுவத்தில் பயன்படுத்தும் முழு உறையிட்ட தோட்டா ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும், மான் நெடுநேரம் சாகாது. பல மாநிலங்களில் அதற்குத் தடை.

நூறு கெஜத்தில் ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்த .308, இருநூறு கெஜத்தில் ஏறத்தாழ நாலு அங்குலம் தாழ இறங்கும். இங்கே காட்டுக்குள் கிடைப்பது பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள் என்பதால் அந்தக் கணக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. தேவைப்படுவது வேறொன்று. ரேஞ்சில் மேஜை மேல் மணல்மூட்டை வைத்துச் சுடும்போது எல்லோரும் வீரர்கள். தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, குளிர்கால ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு டிபன் தட்டைச் சுட்டுப் பாருங்கள். ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழுகிற தூரம் எதுவோ அதுதான் உங்கள் தூரம். எனக்கு அது நூற்றுமுப்பது கெஜம். நூற்றைம்பதில் எவ்வளவு பெரிய கொம்போடு வந்து நின்றாலும் வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

அப்படி எப்போதும் இருந்தேனா என்றால் இல்லை. இரண்டாம் வருடம். நான் வேட்டையாடும் நிலம் ஒரு வயதான விவசாயியுடையது. ஞாயிறு சாயங்காலம், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் சும்மா உட்கார்ந்து விறைத்துப்போன எரிச்சல் வேறு. சோளத் தாள்கள் நின்ற வயலின் ஓரம் ஒரு பெட்டை மான் வந்து நின்றது, என்னை நோக்கிச் சாய்ந்து. இன்னும் இரண்டு எட்டு வைத்துத் திரும்பியிருக்கும். நான் பொறுக்கவில்லை. சத்தம் வந்ததும் மான் துள்ளவில்லை, முதுகைக் கூன் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து மரங்களுக்குள் போனது. அந்தக் கூனலுக்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்குத் தெரியும், அன்றைக்குத் தெரியாது. பத்து நிமிஷத்தில் டார்ச்சோடு பின்னால் போனேன். நாற்பது கெஜத்தில் படுத்திருந்தது, என்னைக் கண்டதும் எழுந்து ஓடியது. அப்படி ஓடியிருக்காவிட்டால் அங்கேயே செத்திருக்கும்.

போன் பண்ணியதும் பெரியவர் வந்தார். மான் நின்ற இடத்தில் குனிந்து ஒரு காய்ந்த புல்லைக் கிள்ளி மூக்கில் வைத்துப் பார்த்து என்னிடம் நீட்டினார். ரத்தம் கொஞ்சம்தான், அதோடு பச்சையாக அரைத்த தழை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. மாட்டுச் சாணமும் புளித்த மாவும் கலந்த வாடை. "வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கு, காலையில் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் காலை ஓடைக்கரையில், சுட்ட இடத்திலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்தது. இரவிலேயே நரி மாதிரியான கொயோட்டிகள் வந்து பின்சப்பை இரண்டையும் தின்றிருந்தன. மிச்சமிருந்ததைத் திறந்தபோது வந்த நாற்றம் ஒரு வாரம் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. கறி ஒரு கிலோகூடத் தேறவில்லை.

அவர் புல்லில் படித்ததை நீங்களும் படிக்கலாம். ரத்தம் இளஞ்சிவப்பாக, நுரை நுரையாக இருந்தால் நுரையீரல். அரைமணி நேரம் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போங்கள், செத்துக் கிடக்கும். நுரையில்லாமல் கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், மூன்று நாலு மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையோ பழுப்போ கலந்து நாறினால் இரைப்பை அல்லது குடல், எட்டுப் பத்து மணி நேரமாவது கிட்டே போகக்கூடாது. அடிபட்ட மான் துரத்தப்படாவிட்டால் பக்கத்திலேயே படுக்கும். துரத்தினால் பயத்தின் வேகத்தில் எங்கோ போய்விடும்.

அந்த ஓட்டம் கறியையும் பாதிக்கும். தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை, இறந்தபின் லாக்டிக் அமிலமாக மாறித்தான் இறைச்சி பதமாகிறது, சீக்கிரம் கெடாமலும் இருக்கிறது. ஓடி ஓடிச் சாகும் மானிடம் அந்தச் சர்க்கரை தீர்ந்திருக்கும். அமிலம் உருவாகாது. கறி கறுத்து, விறைத்து, ஒட்டுகிற மாதிரி இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். மேய்ந்துகொண்டிருக்கும்போதே தனக்கு என்ன ஆனது என்று தெரியாமல் விழுந்த மானின் கறியும் இதுவும் ஒரே மிருகம் என்று நம்பமுடியாது.

மான் விழுந்தபின் கிட்டே போகும்போது பின்பக்கமாகப் போய் ஒரு குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைக்காவிட்டால் சரி. அடுத்த வேலை உடனே குடல் எடுப்பது. போட்டோ அப்புறம். மல்லாக்கப் போட்டு, நெஞ்செலும்பு முடிகிற இடத்தில் தோலைச் சின்னதாகக் கீறி, இடது கையின் இரண்டு விரலை உள்ளே விட்டுத் தோலைத் தூக்கிப் பிடியுங்கள். அந்த இரண்டு விரலுக்கு நடுவே கத்தியின் கூர் வானத்தைப் பார்த்தபடி கீழ்நோக்கி நகர வேண்டும். அழுத்தினால் இரைப்பை கிழியும், கிழிந்தால் நான் மேலே சொன்ன வாடை. திறந்ததும் குளிரில் ஆவி பறக்கும், கை உறைந்திருந்தால் அந்தச் சூடு இதமாக இருக்கும். உதரவிதானத்தை விலாவை ஒட்டிச் சுற்றி அறுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு மூச்சுக்குழலை எட்டுமட்டும் மேலே அறுத்துவிட்டுப் பிடித்து இழுத்தால் நெஞ்சுக்குள் இருப்பதெல்லாம் கூடவே வரும். குதத்தைச் சுற்றி முன்னாலேயே அறுத்து விடுவித்துக் கயிறால் கட்டியிருக்க வேண்டும். சிறுநீர்ப்பையைப் பூப்போல எடுங்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளியோ கட்டியோ இல்லாவிட்டால் இதயத்தோடு சேர்த்து ஒரு பையில் போட்டு வையுங்கள், ஆனால் உடனே வதக்கிவிடாதீர்கள், காரணம் கீழே வருகிறது.

பின்னங்காலின் உட்புறம் முட்டிக்குப் பக்கத்தில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு முடிக்கற்றை இருக்கும். அது வாசனைச் சுரப்பி. இனப்பெருக்கக் காலத்தில் கிடா அதன்மேல் சிறுநீர் விட்டுத் தேய்த்துக்கொள்ளும். அதைத் தொட்ட கையாலோ கத்தியாலோ கறியைத் தொடாதீர்கள். "கிடா மான் நாறும்" என்று சொல்வதில் பெரும்பங்கு இந்தக் கையிலிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ போனிலோ பதிவு செய்துவிட வேண்டும். வெயிலடித்து பதினைந்து டிகிரி இருக்கிற நவம்பர் நாளும் உண்டு. அப்போது நெஞ்சுக்குள் ஐஸ் பைகளை அடைத்து வையுங்கள். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. உடம்பு விறைப்பு விடுவதற்கு முன்பே கறி உறைந்துபோனால் தசை சுருங்கிச் செருப்புத்தோல் ஆகிவிடும். நம் ஊரில் காலையில் அறுத்து மதியம் குழம்பு வைப்பதுதான் புதுக்கறி. மானை அப்படிச் செய்யாதீர்கள். உறைநிலைக்கு மேலே, நாலு டிகிரிக்குக் கீழே, மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் தொங்கட்டும். தசை நார்களைத் தளர்த்தும் நொதிகள் அந்த நேரத்தில் வேலை செய்யும். என்னிடம் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று கராஜில் இருக்கிறது. கால்களைத் தனித்தனியாக வெட்டி அதில் வைத்துவிடுவேன்.

இப்போது தலைக்கு வருவோம். சிடபிள்யூடி என்று மான்களுக்கு ஒரு மூளைநோய் இருக்கிறது. 1967-ல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. விஸ்கான்சினில் 2002-ல், மவுண்ட் ஹோரெப் பக்கம் முந்தைய சீசனில் சுடப்பட்ட மான்களில் கண்டுபிடித்தார்கள். கிருமி அல்ல, ப்ரையான் என்கிற கோணலாக மடிந்த புரதம். எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது, நம் குக்கர் விசிலுக்கெல்லாம் மசியாது. மனிதர்களுக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் இருப்பதாகச் சோதனையில் தெரிந்த மானைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. சோதனைக்குத் தொண்டைப்பகுதியில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் வேண்டும், அதனால் தலையைக் கழுத்தின் மேல்பகுதியோடு வெட்டி மாநிலத்தின் சேகரிப்புப் பெட்டிகளில் போட வேண்டும். இலவசம்தான். முடிவு வரும்வரை அந்த மானின் கறி முழுவதையும் தனிப் பெட்டியில் தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். பார்க்க ஆரோக்கியமாக இருந்தது என்பதெல்லாம் கணக்கில்லை. வெட்டும்போது முதுகுத்தண்டை ரம்பத்தால் அறுக்காமல் கறியை எலும்பிலிருந்து கழற்றி எடுங்கள். மூளை வறுவல் பிரியர்கள் இந்த ஒன்றை மறந்துவிட வேண்டும்.

ஈயத்தையும் சொல்லியாக வேண்டும். ஈயத்தோட்டா விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும், துளையைவிட்டு ஒரு சாண் தள்ளிக்கூடப் போகும். 2008-ல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான் கொத்துக்கறிப் பொட்டலங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஈயத் துகள் தெரிந்ததால் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்தினார்கள். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயத்தோட்டாவே கூடாது. வீட்டில் சின்னக் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் செம்புத்தோட்டா வாங்குங்கள். விலை கொஞ்சம் அதிகம், வருடத்துக்கு ஒரு பெட்டிதானே. எந்தத் தோட்டாவானாலும் காயத்தைச் சுற்றி ரத்தம் கட்டிய கறியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். விலாவில் பட்டிருந்தால் எறிவது மிகக் குறைவு. குடல் எடுத்தபின் அறுபது கிலோ இருக்கும் மானில் எலும்பில்லாத கறி ஏறத்தாழ இருபத்தைந்து கிலோ கிடைக்கும்.

சமையலுக்கு வந்தால், ஆட்டுக்கறி மாதிரி இருக்குமா என்ற கேள்விக்கு ஆமாம், இல்லை இரண்டும் சொல்லலாம். நிறம் அதைவிடக் கருஞ்சிவப்பு. ருசி வெள்ளாட்டுக்கும் ஈரலுக்கும் நடுவே. வித்தியாசம் கொழுப்பில் இருக்கிறது. கறிக்குள் நூறு கிராமுக்கு இரண்டு மூன்று கிராம்தான் கொழுப்பு. வெளியே படிந்திருப்பதோ மெழுகு மாதிரி, வாயின் சூட்டில் உருகாமல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் கேட்ட கவிச்சியில் இன்னொரு பாதி அங்கே இருக்கிறது. ஆட்டுக்கறியில் கொழுப்பைக் கேட்டு வாங்குகிற பழக்கத்தை மறந்து, மானின் கொழுப்பையும் வெள்ளைச் சவ்வையும் ஒன்றுவிடாமல் சீவி எடுங்கள். அதற்குப் பதில் நல்லெண்ணெயோ நெய்யோ தாராளமாக ஊற்றலாம்.

முதுகுத்தண்டின் இருபக்கமும் நீளமாக ஓடும் தசைதான் ராஜா, இங்கே பேக்ஸ்ட்ராப் என்பார்கள். இதைக் குழம்பில் போடுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. விரல் தடிமனுக்கு வெட்டி, உப்பும் இடித்த மிளகும் மட்டும் தடவி, இரும்புச் சட்டியில் நெய் புகையும்போது போட்டு, பக்கத்துக்கு ஒன்றரை நிமிஷம். நடுவே சிவப்பாக இருக்கும். நன்றாக வேகட்டும் என்று விட்டால் அது ரப்பர். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மட்டும் முழுதாக வேகவைத்துக் கொடுங்கள். பின்சப்பையைச் சின்னத் துண்டாக்கிச் சுக்கா செய்யலாம், சின்ன வெங்காயமும் சோம்பும் கறிவேப்பிலையும் தூக்கலாக இருந்தால் பொருந்தும். முன்சப்பை, கழுத்து, நல்லி எல்லாம் குக்கர் வேலை, ஆட்டுக்கறியைவிட மூன்று நாலு விசில் கூடவே விடுங்கள். கொத்துக்கறி உருண்டை செய்வதானால் கடையில் வாங்கிய ஆட்டுக்கொழுப்பு கொஞ்சம் சேர்த்து அரையுங்கள், இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும். எங்கள் வீட்டில் மிச்சமெல்லாம் உப்புக்கண்டம். கொழுப்பில்லாத கறி என்பதால் மானுக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி. மாடியில் கட்டிக் காயவைக்க இங்கே வெயிலேது. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, பூண்டு தடவி அடுப்பில் 71 டிகிரி உள்சூடு வரும்வரை வைத்தபின் மின்சார உலர்த்தியில் போடுகிறேன்.

நடுவே சிவப்பாகச் சாப்பிடும் சலுகை மானோடு சரி. கரடி, காட்டுப்பன்றி கறியில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கக்கூடும். 2022-ல் ஒரு குடும்பம், கனடாவில் சுட்டு ஒன்றரை மாதம் ஃப்ரீசரில் வைத்திருந்த கரடிக்கறியைக் கபாப் போட்டுச் சாப்பிட்டது. கறி கறுப்பு நிறம் என்பதால் வெந்ததா என்று தெரியவில்லை. ஆறு பேருக்கு நோய் வந்தது. அதில் இரண்டு பேர் கறியையே தொடாதவர்கள், கூட வெந்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். குளிர்ப்பிரதேச டிரிக்கினெல்லா உறைந்தும் சாகாது. தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி 74 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கண்ணப்பர் பன்றிக்கறியை வாயில் போட்டுப் பதம் பார்த்துப் படைத்தது பக்தியில் சேர்த்தி, அதைச் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள்.

கறியை விற்கக்கூடாது, நண்பர்களுக்கும் உணவு வங்கிக்கும் சும்மா கொடுக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தைக்காகச் சுட்டுத்தள்ளி, 1900 வாக்கில் நாடு முழுக்க வெள்ளைவால் மான் சில லட்சமாகக் குறைந்துபோனது. விற்பனையை நிறுத்தி, சீசன் வைத்து, 1937-லிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போட்ட வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் திருப்பிவிட்ட பிறகு இன்று கோடிக்கணக்கில் இருக்கின்றன. நம் ஊர்க் கதை வேறு. 1972 சட்டப்படி அங்கே மானைத் தொட்டாலே ஜெயில். ஆகவே இங்கே செய்த உப்புக்கண்டத்தைப் பெட்டியில் வைத்து அம்மாவுக்கு எடுத்துப்போகும் யோசனை வந்தால் விமான நிலையத்துக்கு முன்னாலேயே கைவிட்டுவிடுங்கள்.

கூப்பிட்ட நண்பருக்கு என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சமைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் பெரியவர் கால் நல்லியையெல்லாம் நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தவர். நான் கேட்டு வாங்கி மிளகுக்குழம்பு வைத்து ஒரு டப்பா கொடுத்துவந்தேன். போன நவம்பரில் வழக்கம்போல நல்லியை எடுக்கப் போனால் இரண்டுதான் இருந்தது. மிச்சத்தை அவரே வைத்துக்கொண்டாராம். ராத்திரி போன் வந்தது, மிளகு எத்தனை ஸ்பூன் என்று.